வீட்டில் மட்டும் அணைகிற கம்ப்யூட்டர்

ஜூன் 11, திங்கள்

பதினொன்றரை மணிக்குக் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. கரண்ட் போகவில்லை, தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிரஸ்ஸுக்காக டைப் செய்துகொண்டிருந்த ஏழாம் வகுப்பு அறிவியல் கைடில் நான்கு பக்கம் போயிற்று. மறுபடி போட்டேன். முக்கால் மணி நேரத்தில் மறுபடி அணைந்தது.

ஜூன் 12

மூன்று முறை. நன்றாக ஓடுகிறது, பிறகு பட்டென்று கறுப்புத் திரை.

ஒவ்வொரு பாகமாக வாங்கி இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைச் சேர்த்தவன் என் கணவன் சஜீவன். அவனுக்கு அதுதான் தொழில். போன வருஷம் மகள் நிவேத்யாவைக் கூட்டிக்கொண்டு அவனைவிட்டு வந்தபோது நான் எடுத்துவந்த ஒரே சாமான் இதுதான். வாசலில் நின்று சொன்னான்: "கொண்டு போ. நீ எங்க இருந்து என்ன பண்றேன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

ஜூன் 13

இண்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு வேலை செய்தேன். அப்படியும் அணைந்தது. அப்படியானால் இது அவன் வேலை இல்லை. இல்லை என்றுதானே அர்த்தம்? உள்ளே முன்பே எதையாவது வைத்திருந்தால்?

பிரஸ்ஸிலிருந்து குரியன் சார் போன் செய்தார். "இருபத்தஞ்சாம் தேதி கைடு கைக்கு வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன், பிந்து."

அடுத்த மாதம் கோர்ட். குழந்தையை வளர்க்க அம்மாவுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்பார்கள். வேலை இல்லையென்றால்... வேண்டாம். எழுதவேண்டாம்.

ஜூன் 15

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தலச்சேரி போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரஸியாவின் ரிப்பேர் கடை. திறந்து பார்த்துவிட்டு, "சேச்சி, கோழி ஏதாவது வளக்கறீங்களா இதுல?" என்றாள். அவ்வளவு தூசி. ஊதித் துடைத்து, உள்ளே இருக்கும் சின்ன ஃபேனையும் மாற்றினாள். "சூடு ஏறிச்சுன்னா தானே அணைஞ்சுக்கும். நம்மளவிட அதுக்குப் புத்தி ஜாஸ்தி."

பல நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

ஜூன் 16

அணைந்தது.

ஜூன் 18

மறுபடி ரஸியா கடை. காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை ஓடவிட்டாள். ஒருமுறைகூட அணையவில்லை. வீட்டுக்கு வந்து போட்டேன். நாற்பது நிமிடம். அவ்வளவுதான்.

வீட்டில் மட்டும்!

அவனுக்கு இந்த வீடு தெரிந்துவிட்டதா? நான் இல்லாதபோது யாராவது வருகிறார்களா? நிவேத்யா ஸ்கூல் விட்டு வரப் பத்து நிமிடம் தாமதம். செருப்புக்கூடப் போடாமல் மழையில் ஓடினேன். வளைவில் குடையோடு வந்துகொண்டிருந்தாள். "மழைக்கு ஒதுங்கி நின்னேம்மா. எதுக்கு இப்படி இழுக்கறே? வலிக்குது." அவள் மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

எட்டு வயசுக் குழந்தை. நானே இப்படிப் பண்ணலாமா?

ஜூன் 19

ரஸியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குள் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சேச்சி. அல்லா சத்தியமா ஒண்ணும் இல்ல. ஆனாலும் உங்க கைடை மட்டும் தனியா எடுத்து வச்சிட்டு, மத்த எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தர்றேன். அப்பதான் நீங்க தூங்குவீங்க." கொஞ்சம் யோசித்தாள். "இங்க அணையல, அங்க அணையுது. நாளைக்கு நான் வர்றேன். பெட்டியைப் பாத்தாச்சு, இனி வீட்டைத்தான் பாக்கணும்."

ஜூன் 20

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரஸியா மேஜைக்குப் பின்னால் குனிந்து, பிளக் இருக்கும் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"மெயினை ஆஃப் பண்ணுங்க! இப்பவே! ஓடுங்க சேச்சி!"

ஓடினேன். ரஸியா திருகைக் கழற்றிப் பிளக் மூடியை எடுத்தபோது உள்ளே கரி. ஒயரின் மேலுறை உருகி வழிந்திருந்தது. சுவருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, பிளக்கின் பிடிப்பு தளர்ந்து, கம்ப்யூட்டர் ஓட ஓடச் சூடேறியிருக்கிறது. சூடு முற்றும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போய் அணைந்திருக்கிறது.

"அணைஞ்சதால பொழைச்சீங்க" என்றாள்.

அந்தச் சுவரின் மறுபக்கம் நிவேத்யாவின் கட்டில். தலைமாடு.

பத்து நாளாக அவன் வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரஸியா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 21

வீட்டுக்காரர் குஞ்ஞிராமேட்டன், "மழை முடியட்டும், பாக்கலாம்" என்றார்.

"இன்னிக்கு ஆள் வரணும் ஏட்டா. வரலேன்னா இந்தக் கரிஞ்ச பிளக்கை எடுத்துட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போறேன்."

என் குரலா அது? மூன்று மணிக்கு எலெக்ட்ரீஷியன் வந்தார். ஒயர் முழுக்கப் புதிது. கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம்.

ஜூன் 25

கைடு கொடுத்தாயிற்று. குரியன் சார் எட்டாம் வகுப்பையும் கொடுத்தார்.

ஜூலை 17, செவ்வாய்

நிவேத்யா என்னோடுதான். ஜட்ஜ் கேட்டது இரண்டே கேள்வி: வேலை இருக்கிறதா, வீடு இருக்கிறதா. அவன் மாதம் ஒருமுறை, கோர்ட் வளாகத்திலேயே வந்து பார்க்கலாம்.

படியிறங்கும்போது சஜீவன் பக்கத்தில் வந்தான். அதே குரல், அதே சிரிப்பு. "நான் கட்டிக்குடுத்த கம்ப்யூட்டர் எப்படி, இன்னும் ஓடுதா?"

அவன் முகத்தையே பார்த்தேன்.

"ஓடுது. சுவத்துலதான் கோளாறு. மாத்திட்டேன்."