ராமேஸ்வரம் போகிறவளுக்கு

லிந்துலை
9.1.1955

அன்புள்ள அக்காவுக்குப் பூரணி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மச்சானும் சுகம். உடப்புசல்லாவையில் நீயும் ஆண்டியப்பன் அண்ணன் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன். நீ இந்த வீட்டைவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு நான் போட்ட கடுதாசி எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபம் இருக்கட்டும் அக்கா, இந்த ஒன்றுக்காவது பதில் போடு.

உனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லித்தானே மாமியார் என்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது. மூன்று வருஷமாகிறது, என் மடியும் காலிதான். மாசி மாதம் ராமேஸ்வரம் போய் சேதுவில் முழுகி, பிள்ளை வரம் கேட்டுச் சங்கல்பம் பண்ணிக்கொண்டு, அப்படியே மதுரையும் மதராசும் பார்த்துவிட்டு வரலாம் என்று மச்சான் சொல்கிறார். எந்த வண்டி, எங்கே தங்குவது, யாரைப் பிடிப்பது என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்? ஒங்கக்கா முன்னால போனா, நான் பெட்டியத் தூக்கிட்டுப் பின்னால போனேன்" என்று சிரிக்கிறார்.

நீ இரண்டு தடவை போய் வந்தவள். எனக்குக் கடல் தாண்டுவது முதல் தடவை, பயமாக இருக்கிறது. விவரமாக எழுது.

உன் தங்கச்சி,
பூரணி


உடப்புசல்லாவை
18.1.1955

பூரணிக்கு,

கடுதாசி கிடைத்தது. கேட்டதற்குச் சொல்கிறேன்.

இந்தியாவுக்குப் போவது சுலபம், திரும்பி வருவதுதான் கஷ்டம். திரும்பி வரும் அனுமதி முத்திரையைக் கொழும்பிலேயே போட்டுக்கொள்ளச் சொல். மேட்டு லயத்து ராக்காயி அது இல்லாமல் போய், கப்பலேற விடாமல் நிறுத்திவைக்கும் மண்டபம் கேம்பில் கிடந்து அழுதது உனக்குத் தெரியும். அம்மைப்பால் குத்திய சீட்டை ரவிக்கைக்குள் வை, பெட்டியில் வைக்காதே.

தலவாக்கலையில் ஏறினால் பொல்காவலையில் வண்டி மாற வேண்டும். தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் இரண்டு வாய் பொரியாவது தின்றுவிடு, வெறும் வயிறுதான் குமட்டும். கப்பல் தட்டின் நடுவில் உட்கார். தனுஷ்கோடியில் சுங்கக்காரன் கேட்பதற்கு முன்னால் நீயே பெட்டியைத் திறந்துவிடு. தேயிலையும் சவுக்காரமும் மேலாகவே இருக்கட்டும். மறைக்கிறவளைத்தான் அவன் குடைந்து பார்ப்பான்.

பாம்பனில் இறங்கி ராமேஸ்வரம் வண்டிக்கு மாறு. தூங்கிவிட்டால் கண் விழிக்கும்போது மானாமதுரையில் இருப்பாய். கோயிலுக்குள் தீர்த்தக் கிணறு ஒவ்வொன்றாக வாளியில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். அதனால் மெல்லிய வாயில் துணிச் சேலை வேண்டாம், நனைந்தால் மானம் போய்விடும். கெட்டிக் கைத்தறி கட்டு.

மதுரையில் வெயில் ஏறுமுன் கோயிலைப் பார்த்துவிடு, பிறகு கல் கொதிக்கும். புதுமண்டபத்தில் பித்தளைச் சாமான் சொன்ன விலையில் பாதிக்குக் கேள். வெட்கப்படாதே, அவனும் பட மாட்டான். மதராசில் டிராம் வண்டியை நிறுத்திவிட்டார்களாம், இனி பஸ்தான். எழும்பூரில் யார் வந்து பெட்டியைத் தூக்கினாலும் விடாதே. அடுத்தவள் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே மட்டும்தான் இருக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

இனி முக்கியமானது. ராமேஸ்வரத்தில் ஸ்டேஷனிலேயே பத்துப் பேர் வந்து கையைப் பிடிப்பார்கள். யாரிடமும் போகாதே. மேலத்தெருவில் வைத்தி அய்யர் வீடு என்று கேள். எங்களுக்கு இரண்டு தடவையும் அவர்தான் செய்து வைத்தார். காசுக்கு ஆசைப்படாதவர், மந்திரத்தை விழுங்காதவர். சேதுவில் சங்கல்பம் பண்ணும்போது புருஷன் கையைப் பெண்சாதி தர்ப்பையால் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நான் நின்றேன். அய்யர் ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்க மாட்டார். என்னை நிச்சயம் விசாரிப்பார்.

உன் மச்சான் கட்டிய தாலி இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. அறுத்துக் கொடு என்று அவரும் கேட்கவில்லை. எனக்குச் சோறு போட அண்ணன் இருக்கிறார், அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் வேண்டாம். அந்த வீட்டுக்கு மூத்தவள் யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

பத்திரமாகப் போய் வா.

நாகலெட்சுமி


மதுரை
27.2.1955

அக்கா,

மச்சான் வெளியே போயிருக்கிறார். சத்திரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னது எல்லாம் சொன்னபடியே இருந்தது. பொரி தின்றேன், குமட்டவில்லை. சுங்கத்தில் பெட்டியைத் திறந்தேன், கை வைக்காமல் விட்டுவிட்டான். பாம்பனில் விழித்திருந்தேன். வைத்தி அய்யர் வீட்டுக்கும் போனேன்.

நீ தெரிந்துதான் அனுப்பினாய்.

கடற்கரையில் அத்தனை கூட்டம். அய்யர் மச்சானைப் பார்த்ததும், "வாங்கோ, கண்டிக்காரரே! நாகலெட்சுமி எங்கே?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது யாரு, தங்கையா? அதே மூக்கு" என்றார். மச்சான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாந்தான் இப்ப அவுங்க சம்சாரம் சாமி" என்று நான்தான் சொன்னேன். அய்யர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "மூத்தவ இருக்கறச்சே அவளை விட்டுட்டு உன்னை எப்படி மணையில உட்கார வைக்கறது? அவ சம்மதம் சொன்னாளா? ஏன் அவளை அழைச்சுண்டு வரலை?" பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் வாயைத் திறந்தார். "அவ தவறிட்டா சாமி. போன ஐப்பசியில."

அய்யர் தலையில் கை வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "மகாலெட்சுமி மாதிரி இருந்தாளேய்யா!" என்று கண்ணைத் துடைத்தார். அதோடு விட்டாரா? "வருஷம் திரும்பலை, அதுக்குள்ள பிள்ளை வரமா? ஒண்ணும் பண்ணப்படாது. இவ்வளவு தூரம் வந்ததுக்கு முதல்ல அவளுக்குச் செய்யும்" என்று ஆளை அனுப்பி நாவிதரைக் கூப்பிட்டார். மச்சானுக்கு மீசையையும் தலையையும் எடுத்தார்கள். ஈரவேட்டியோடு உட்கார்ந்து, உன் பெயரை மூன்று முறை சொல்லி, உனக்குப் பிண்டம் போட்டார். எள்ளை என் கையில் கொடுத்துத் தரச் சொன்னார்கள். தந்தேன் அக்கா. "எங்கக்கா உசுரோட இருக்கா" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

எனக்குச் சங்கல்பம் நடக்கவில்லை. உன்னிடம் மறைத்தால் என் வயிறு ஒருநாளும் திறக்காது என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நேற்று இங்கே உனக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்தேன். காசு கொடுத்த பிறகுதான் உறைத்தது, இதை உன்னிடம் கொடுப்பதா, படையலில் வைப்பதா என்று.

வெளியே சொல்லிவிடாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மொட்டை பழனி வேண்டுதல் என்று ஊரில் சொல்லப்போகிறார். பங்குனித் திருவிழாவுக்கு இந்த வருஷம் காப்புக் கட்டுவது அவர்தான். பல வருஷம் காத்திருந்து கிடைத்த மரியாதை. இதைக் கிழித்துப் போடு.

பூரணி


உடப்புசல்லாவை
14.3.1955

பூரணி,

நீங்கள் ஊர் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். உன் கடுதாசியைப் படித்துவிட்டுத் தலைமுழுகினேன். நம் வீட்டில் சாவு என்றால் முழுக வேண்டும் அல்லவா, யாருக்காக என்று அண்ணி கேட்டாள். எனக்காக என்றேன்.

தெரிந்துதான் அனுப்பினேன். வைத்தி அய்யர் கேட்பார், நாலு பேர் முன்னால் "மூத்தவ இருக்கா" என்று உன் புருஷன் தன் வாயால் சொல்ல வேண்டிவரும், நீ அதைக் காதால் கேட்டுக்கொண்டு நிற்பாய் என்றுதான் அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்வதைவிட என்னைச் சாகடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

சரி, செத்துவிட்டேன். இனி செத்தவள் வீட்டு முறைப்படி நடக்கட்டும்.

சாவு விழுந்த வீட்டுக்காரன் வருஷம் திரும்பும்வரை காப்புக் கட்டக்கூடாது, கரகத்தைத் தொடக்கூடாது. நான் போட்ட சட்டமல்ல. நம் தோட்டத்துக் காளியாயியின் மாமியார் செத்த வருஷம், காளியாயி மகன் பழனியாண்டி காவடியைத் தோளில் வைத்த பிறகு, "தீட்டுக்காரன் கோயிலுக்குள்ள வராதடா, எறக்கு கீழ!" என்று அத்தனை சனத்துக்கும் முன்னால் இறக்க வைத்தது உன் புருஷன்தான். அந்தப் பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கோயில் தலைவர் அழகுமுத்துக் கங்காணிக்கு இன்று எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்கும் தெரியட்டும்:

"ஐயா அவர்களுக்கு வணக்கம். நம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிவசாமி, தன் முதல் மனைவி நாகலெட்சுமி போன ஐப்பசியில் இறந்துவிட்டதாகச் சொல்லி, ராமேஸ்வரம் கடற்கரையில் தன் கையால் பிண்டம் போட்டிருக்கிறார். மொட்டை அதற்காக அடித்ததுதான். காப்புக் கட்டுமுன் அவரை அம்மன் வாசலில் நிறுத்தி, நாகலெட்சுமி இருக்கிறாளா, இறந்தாளா என்று கேட்டுக்கொள்ளவும். இறந்தாள் என்றால் இந்த வருஷம் அவருக்குத் தீட்டு. இருக்கிறாள் என்றால், ராமநாதர் சன்னிதியில் பொய் சொல்லி உயிரோடு இருப்பவளுக்குப் பிண்டம் போட்டவர் கையில் காப்புக் கட்டலாமா என்பதை ஐயா அவர்களே முடிவு செய்யவும்."

அவர் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. இன்று முழுப் பெயரையும் எழுதினேன்.

உன் விஷயம். எள்ளைக் கையில் வாங்கும்போது உனக்கு வாய் இருந்தது. உன் மடி நிறையக் கூடாது என்று நான் சாமியிடம் கேட்க மாட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நிறைய வேண்டும் என்றும் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பெண் பிறந்தால், செத்துப்போன பெரியம்மா பெயரை வை என்று யாராவது சொல்வார்கள். வைக்காதே.

தாலியைக் கழற்றி இங்கே கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். குங்குமம் வைத்திருக்கிறேன், அது அம்மனுக்காக.

காப்புக் கட்டும் அன்று காலை வண்டியில் லிந்துலைக்கு வருகிறேன். உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். கோயில் வாசலில், பெண்கள் பக்கத்தில், முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அழகுமுத்துக் கங்காணி கேட்கும்போது உன் புருஷன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லட்டும்.

நாகலெட்சுமி