மூன்றாவது சீட்

புரட்டாசி 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். வடக்கு வயல் அறுப்பு இன்றும் இல்லை. அறுப்பு மெஷின்காரர் பாபநாசத்தில் நிற்கிறாராம், இரண்டு நாள் வெயில் அடித்தால் வருவாராம். நெல் பாதி சாய்ந்துவிட்டது. அப்பா குடையோடு நான்கு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்து என்ன செய்வது.

நான் கேம்பிலிருந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள். செய்யக்கூடாதவை: குடம் தூக்குவது, குனிவது, இடப்பக்கம் படுப்பது, பலமாகச் சிரிப்பது. தும்மல் வந்தால் கதவைப் பிடித்துக்கொள்கிறேன். விலா எலும்பில் முடி அளவு விரிசல். ஆறு வாரத்தில் தானாகக் கூட வேண்டும். மாவுக்கட்டு இல்லை, அதனால் ஊரில் யாருக்கும் நம்பிக்கையும் இல்லை. பால் ஊற்ற வந்த செல்வி அக்கா, பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய், ஏன் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டார். அம்மா விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இன்று பெண்கள் நால்வர் துடுப்புப் படகு, தகுதிச் சுற்று. என் படகு. என் மூன்றாவது சீட்டில் ஜெனி. இரண்டாவதாக வந்து ஃபைனலுக்குப் போய்விட்டார்கள். அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்தாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

புரட்டாசி 5, திங்கள்

மேகம். மழை இல்லை. மெஷினும் இல்லை.

கேம்பில் ஜெனி என் ரூம். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண். படகில் யாருக்காவது முடியாமல் போனால் இறக்குவதற்கு வைத்திருந்த ரிசர்வ். மூன்று வாரம் வலியை மறைத்துக்கொண்டு துடுப்புப் போட்டேன். மாத்திரை, பேண்டேஜ், பாத்ரூமில் அழுதது, எல்லாம் அவளுக்கு மட்டும் தெரியும். கோச் சாரிடம் சொன்னதும் அவள்தான். அடுத்த நாள் ஸ்கேன். அதற்கடுத்த நாள் ரயில். கிளம்பும்போது என் பையைத் தூக்க வந்தாள். கொடுக்கவில்லை. அதன் பிறகு ஏழு மெசேஜ் அனுப்பினாள், ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் எலும்பு முழுதாக உடைந்து உள்ளே குத்தியிருக்கும் என்றார் டாக்டர். அவள் செய்தது சரி. சரி என்று தெரிந்தும் ஆறவில்லை.

மதியம் மூன்று மணிக்கு எட்டாவது மெசேஜ். "அக்கா, ஆயிரத்து ஐநூறு மீட்டர் தாண்டினதும் படகு நம்ம பக்கம் சாயுது. துடுப்ப தண்ணியிலேந்து எடுக்க முடியல. கைய மாத்தி மாத்திப் பாத்துட்டேன். என்ன பண்ணணும்? நாளைக்கு ஃபைனல்."

படித்ததற்கு நீல டிக் அவளுக்குப் போயிருக்கும். படித்ததுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. துடுப்பு உட்காரும் கொக்கி என் உயரத்துக்கு வைத்தது. ஜெனி என்னைவிட நாலு விரல் உயரம். களைத்த பிறகு கை தொடையில் இடிக்கும், கைப்பிடியைக் கீழே அழுத்த இடம் இருக்காது. கொக்கிக்கு மேலே இருக்கிற வாஷரில் ஒன்றை எடுத்து அடியில் போட்டால் கொக்கி உயரும், அது போதும். ஐந்து நிமிட வேலை. கரையில் நிற்கிறவர்களுக்கு இது தெரியாது, அந்த சீட்டில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்.

டைப் செய்தேன். அழித்தேன். காப்பி குடித்துவிட்டு அனுப்பலாம். சாப்பிட்டுவிட்டு அனுப்பலாம். அவளே கோச் சாரிடம் கேட்கட்டுமே, அவரிடம் போய்ச் சொல்லத்தான் நன்றாகத் தெரியுமே.

இட்லி, தக்காளிச் சட்னி. வலி மாத்திரை. படுத்துவிட்டேன்.

புரட்டாசி 6, செவ்வாய்

காலை 4.50க்கு விழிப்பு. ஓட்டில் மழைச் சத்தம். எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அனுப்பிவிட்டேன், வாஷர் விஷயம் முழுதும். ஒரு டிக்தான்.

ரேஸ் நம் நேரத்துக்கு 7.10. அங்கே விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். ரேஸ் நாளில் எழுந்ததும் எங்கள் போனையெல்லாம் வாங்கி வைத்துவிடுவார்கள். இது எனக்கு நேற்றும் தெரியும்.

ஜெனிக்கு ஆறு தடவை போன், சுவிட்ச் ஆஃப். கோச் சாருக்கு நாலு, எடுக்கவில்லை. மேனேஜர் நம்பரைத் தேடிப் பிடித்தேன், அதுவும் எடுக்கவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். வலிக்கிறதா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்பா போனில்தான் பார்த்தோம். ஆறு படகு, இரண்டாயிரம் மீட்டர். ஐநூறில் நாம் நாலாவது. ஆயிரத்தில் மூன்றாவது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு படம் உறைந்துவிட்டது, வட்டம் சுற்றியது. திரும்ப வந்தபோது ஆயிரத்து அறுநூறு. மூன்றாவதாகத்தான் இருந்தோம். அப்புறம் படகு சாய்ந்தது. சாய்ந்த பக்கம் எனக்குத் தெரியும். ஜெனியின் துடுப்பு தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது, ஒரே ஒரு வீச்சு. பக்கத்துப் படகு அதற்குள் போய்விட்டது.

நாலாவது.

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மற்ற மூன்று பேரும் குனிந்து மூச்சு வாங்கினார்கள். ஜெனி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து தன் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இருந்திருந்தா மெடல் கெடச்சிருக்கும்" என்றார் அப்பா. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அழுதால் விலா வலிக்கிறது, அதனால் அதுவும் சரியாக வரவில்லை.

9.20க்கு இரண்டு டிக். 9.21க்கு நீலம். பதில் இல்லை.

நாள் முழுக்க மழை. சாய்ந்த நெல் முளைக்க ஆரம்பித்துவிட்டதாம். அப்பா ஒரு கதிரைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார், வெள்ளையாக முளை.

புரட்டாசி 7, புதன்

வெயில். மெஷின் 11 மணிக்கு வந்தது. வடக்கு வயலில் தேறியது பாதிக்கும் குறைவு.

வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது ஜெனி கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தேன். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை, வாய்க்கால் பக்கம் நடந்தேன்.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குறைந்திருக்கிறது என்றேன்.

"ரேஸ் முடிஞ்சப்புறம்தான்க்கா போன் கைக்கு வந்துச்சு. வாஷர மாத்திட்டு சாயந்தரம் ஒரு தடவ படக இறக்கிப் பாத்தோம். சாயவே இல்லக்கா."

வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளே மறுபடி கேட்டாள்.

"அங்க மழைன்னு நியூஸ்ல பாத்தேன். டவர் இல்லையாக்கா?"

"ஆமா. ரெண்டு நாளா இல்ல."

"மத்த மூணு பேர்கிட்டயும் அதத்தான் சொன்னேன்" என்றாள்.