மூன்றாவது சட்டத்தின் அரைவட்டம்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை வீட்டில். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு வரை பஸ்ஸில் நின்றே பயணம்.

போர்வெல் ரிக் வரைபடம் இன்று முடித்தே ஆக வேண்டும். லாரி சேஸ் மேல் குறுக்காக ஆறு இரும்புச் சட்டங்கள். மூன்றாவதில் மட்டும் ஹைட்ராலிக் பைப் போக ஓர் அரைவட்டம் வெட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் டிரிம் (கோட்டை வெட்டும் கட்டளை) கொடுத்தால் கோடு அசையவே இல்லை. சட்டம் பிளாக்காக, கோடுகளெல்லாம் ஒரே கட்டாக, உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து வெட்ட விடாது. பிளாக்கை உடைத்தாலோ போர்மேன் செங்கோடண்ணன் (இனி செ.) கத்துவார். போன மாதம் உடைத்ததற்கே, "இப்படி உடைச்சுப் போட்டா ஒவ்வொரு கோடா யாரு சாமி பொறுக்கறது?"

உடைக்கவில்லை. பிளாக்கைத் திறந்து, உள்ளே போய் டிரிம் செய்து, மூடிவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தமான அரைவட்டம். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

‘வரைந்தவர்’ கட்டத்தில் முதன்முறையாக என் இனிஷியல். பழைய டிராப்ட்ஸ்மேன் கோயம்புத்தூர் போனதிலிருந்து எல்லாம் என் தலையில்தான்.

மதியச் சாப்பாடு இல்லாமல் முடித்து, வெட்டும் மெஷினுக்கு அனுப்பினால் செ. சாவகாசமாகச் சொல்கிறார்: "வெள்ளிக்கெழம ஒம்பதே காலுக்கு மேலதான் மொதத் தகடு வெட்டோணுமாமா. ராசிபுரத்துக்காரங்க நேரம் பாத்துட்டு வந்துட்டாங்க." ராசிபுரத்துக்காரங்க என்றால் ரிக் வாங்கும் புருஷன் பெண்டாட்டி. இதற்கா இவ்வளவு ஓட்டம்? ஒரே எரிச்சல்.

நவ. 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.
வாங்க வேண்டியவை: குடை. அம்மாவுக்கு மெரூன் நூல், இரண்டு கண்டு. தலைவலி மாத்திரை.
பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ போனில்: "நா ஊட்டுக்கு வாரேன்னு சொல்லவே இல்லீங்க, நீங்களா நெனச்சுக்கிட்டா?" அப்புறம் வழி நெடுக அதே வாக்கியம்.
வேறொன்றும் இல்லை.

நவ. 6, வியாழன்

சாயங்காலம் ஆறு மணி.

அம்மா பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தாள். துணியை நாலாக மடித்து, கை வளைவுக்கு ஒரே வெட்டு. விரித்தாள். எல்லா மடிப்பிலும் அதே வளைவு.

டீ தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆறு சட்டமும் ஒரே பிளாக்கின் நகல்கள். உள்ளே போய் ஒன்றை வெட்டினால் ஆறும் வெட்டுப்படும். மூன்றாவதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன், மடச்சி.

"ஏன் அம்மிணி, பேயறஞ்ச மாதிரி நிக்கற? கை ரெண்டும் ஒரே அளவாத்தான வெட்டோணும்?" என்றாள் அம்மா.

ஐந்தாவது சட்டத்தின் மேல்தான் துளை போடும் கோபுரமான மாஸ்ட் நிற்கும். அதில் அரைவட்டம் போனால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு என்றைக்காவது எங்கோ ஒரு காட்டில் போர் போடும்போது விரிசல் விடும். அடியில் ஆட்கள் நிற்பார்கள்.

செ. போன் ஸ்விட்ச் ஆஃப். எடப்பாடியில் மச்சினன் வீட்டு விசேஷம், நேராகக் காலையில் பட்டறைக்கு வருவார். பட்டறை பூட்டியாச்சு.

மெஷின் புரோகிராமில் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நவ. 7, வெள்ளி

ஏழரை பஸ் வரவில்லை. எட்டரைதான். நல்ல மழை. இறங்கி ஓடினேன்.

உள்ளே நுழையும்போது கற்பூரம் எரிகிறது. மெஷின் மேல் பொட்டு, எலுமிச்சம்பழம். ராசிபுரத்து அம்மா கையில் தேங்காய்த் தட்டு, பக்கத்தில் வீட்டுக்காரர். செ. விரல் பட்டனில்.

நல்ல காரியத்தின் நடுவில் தப்பு என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டேன்.

"அண்ணா, நிறுத்துங்க. படம் தப்பு. நாந்தான் தப்பாப் போட்டுட்டேன். ஆறு சட்டத்துலயும் அரைவட்டம் உழுந்திருக்குது."

செ. முகம் சுண்டிப்போனது. அந்த அம்மா, "நல்ல நேரத்துல என்ன கண்ணு இது?" என்றார்.

"மூணாவது சரியா இருக்குதுங்க. அதுக்கு வெட்டு வேணும். அத மொதல்ல வெட்டிப் போடுங்க, நேரமும் தப்பாது. அதுக்குள்ள மத்த அஞ்சையும் திருத்தித் தாரேன்."

அப்புறம் அந்த அம்மா கேட்டார்: "மாஸ்ட்டு எதும்மேல நிக்குமுங்க?"

"அஞ்சாவது மேலங்க."

"எம்பையன் அதுக்கடியிலதான நிப்பான்." தட்டைக் கீழே வைத்துவிட்டார். "சொன்னியே சாமி, அது போதும். ஏனுங்க, மூணாவத வெட்டுங்க. நேரம் போவுது."

மூன்றாவதை மட்டும் மெஷினில் தனியாகப் பிரித்ததும், ஒன்பது ஐம்பதுக்குப் பொறி பறந்தது. மேலே ஆபீஸுக்கு ஓடினேன். பழைய பிளாக்கைப் பழையபடி ஆக்கி, மூன்றாவதற்கு வேறு பெயரில் தனி பிளாக். முழுப் படத்தையும் சிறிதாக்கி, திரையில் விரல் வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, அரைவட்டம், நான்கு, ஐந்து, ஆறு. மறுபடியும் எண்ணினேன்.

அப்பாடா. கீழே வந்து தேங்காய்ச் சில்லு இரண்டு தின்றேன். செவ்வாயன்று நல்ல நேரத்தைத் திட்டியதை மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

நவ. 8, சனி

வெயில். நேற்று நனைந்த செருப்பு இன்னும் காயவில்லை.
மெரூன் நூல் வாங்கியாச்சு. குடை மறுபடி மறந்தாச்சு.

ஆறு சட்டமும் வெட்டி அடுக்கியிருக்கிறது. செ. என் மேசைக்கு வந்து, உள்ளங்கை அகல இரும்பு அரைவட்டம் ஒன்றை டொம்மென்று வைத்தார். "மூணாவதுல உழுந்தது. வெச்சுக்க சாமி, காயிதம் பறக்காது."

கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். இந்த மாதிரி இன்னும் ஐந்து விழுந்திருக்க வேண்டியது.