காப்பு அவிழ்க்கிற சாயங்காலம்

மார்ச் 2, ஞாயிறு

ஜீவராணி பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள். சமையல் பக்கம் நான் தலைவைத்தும் படுக்காதவன் என்று தெரிந்தே வைத்த இடம்.

"மாரியம்மன் திருவிழா முடியிறதுக்குள்ள குடியை நிறுத்த ஒரு ஆளைப் பாருங்க. இல்லைன்னா நான் குவைத்துக்குப் போறேன். அங்கயும் வாந்தி கழுவுறதுதான் வேலைன்னா, அதுக்குச் சம்பளமாவது குடுப்பாங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் கோபமில்லாமல் சொன்னதை எல்லாம் செய்திருக்கிறாள். பயமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

ஹட்டனில் ஒரு டாக்டர். சிரித்த முகம், தமிழ் தெரியாது. என் சிங்களம் கடைக்கும் போலீசுக்கும் போதும். எவ்வளவு குடிப்பாய் என்றார். கால் போத்தல், அதுவும் எப்போதாவது என்றேன். சிங்களத்தில் சொன்னால் பொய் சொன்ன மாதிரியே இல்லை. அப்படியென்றால் பெரிய பிரச்சினை இல்லை என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

வெளியே வந்ததும் ஜீவராணி கேட்டாள். "கால் போத்தலா? மிச்சத்தை யாரு குடிச்சா, நானா?"

அவளுக்கு என்னைவிட நல்ல சிங்களம் தெரியும். மறந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

நோர்வூட்டில் பெரியதம்பி அண்ணன் கூட்டம். குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறதாம், மற்றவர்களுக்கும் வழி சொல்கிறார். அவர் குடித்த காலத்தை இரண்டு மணி நேரம் விவரித்தார். தூறல், பொரித்த கருவாடு, முதல் மிடறு. மனுஷன் என்னமாய்ச் சொல்கிறார்! எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. பஸ்ஸுக்குச் சாராயத் தவறணையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தாண்டவில்லை.

மார்ச் 17

தலைவலி. ஜீவராணி தேத்தண்ணியைத் தலைமாட்டுல வச்சிட்டு வேலைக்குப் போயிட்டா. திட்டியாவது இருக்கலாம்ல.

மார்ச் 27, வியாழன்

இன்று தனுஷிகா மிஸ். நோர்வூட்டில் ஒரு சங்கத்தின் பின் அறையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிறாள். இருபத்தாறு வயது இருக்கும். கந்தப்பளைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவளாம், நம்ம சனம். போச்சு, நாளைக்கே தோட்டம் முழுக்கப் பேசும் என்று நினைத்தேன். முகத்தில் தெரிந்துவிட்டது போல.

"ரோட்டுல பார்த்தா நான் மொதல்ல பேச மாட்டேங்கண்ணே. நீங்க பேசினாத்தான் பேசுவேன்."

சும்மா சீண்டிப் பார்த்தேன். "மிஸ் எப்பவாச்சும் குடிச்சிருக்கீங்களா?"

"இல்லை. நீங்க கொழுந்து எடுத்ததே இல்லையே, தூளை மோந்து பார்த்துக் குறை சொல்றீங்கல்ல?"

தேயிலை ஃபெக்டரியில் அரைத்த கொழுந்து பதமாகிவிட்டதா என்று மோந்து சொல்வதுதான் என் வேலை; வந்ததுமே கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜீவராணி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாச்சு?

ரோசம் வந்து பெருமையை அவிழ்த்துவிட்டேன். பதினோரு வருஷமாகத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறேன், கயிறு கையில் இருக்கும்வரை ஒரு சொட்டுத் தொட்டதில்லை, இதெல்லாம் வியாதியா மிஸ் என்றேன்.

"காப்பு அவிழ்த்த அன்னைக்கு?"

ஜீவராணி கூரையைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு அவிழ்ப்பாங்க?"

"மே நாலாந்தேதி, சாயங்காலம் நாலரைக்கு."

மிஸ் நோட்டில் எழுதினாள். "அன்னைக்கு அஞ்சரைக்கு இங்க வாங்க."

"ஞாயித்துக்கிழமையாச்சே மிஸ்?"

"தெரியுங்கண்ணே."

அதுவரை வியாழன்தோறும் வர வேண்டும். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து எடுக்க வேண்டும், திடீரென்று விட்டால் ஆபத்தாம். வரும் வழியில் ஜீவராணியிடம், இவளே இருக்கட்டும் என்றேன். அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாளாம்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆஸ்பத்திரி மருந்து எடுத்தும் இடையில் இரண்டு நாள் குடித்ததை மிஸ்ஸிடம் சொன்னேன். மறைக்கத்தான் போனேன். தமிழில் வாய் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. நாப்பத்தி நாலு வயசு ஆம்பளை, சின்னப்புள்ளை மாதிரி... மிஸ் டிஷ்யூவை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்த இரண்டு நாளும் எந்த வழியாக வீட்டுக்குப் போனேன் என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 18

மூக்கு திரும்பி வருகிறது. தூள் பதமாகிற வாசம் இவ்வளவு இனிப்பா?

ஏப்ரல் 25, வெள்ளி

காப்புக் கட்டியாச்சு. கூட்டாளி முத்துலிங்கமும் என்னோடுதான் கட்டினான். வருஷா வருஷம் ஒன்றாகக் கட்டுவோம், ஒன்றாக அவிழ்ப்போம், ஒன்றாக விழுவோம். போத்தலை இப்போதே வாங்கி ஒளித்துவிட்டானாம். பக்தியில் அவனை யாரும் மிஞ்ச முடியாது.

மே 3

கயிறு இருக்கும்வரை நான் ராஜா. நாளைக்கு?

மே 4, ஞாயிறு

நாலரைக்கு மஞ்சள் நீராட்டு முடிந்து பூசாரி காப்பை அவிழ்த்தார். கை வெறுமையாக இருந்தது. பஸ் நிற்கிற வளைவில் முத்துலிங்கம் நின்றான்.

"பத்து நிமிசம்டா."

"மிஸ் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"எந்த மிஸ்?" என்று கண்ணடித்தான். நாளைக்கு என்ன கதை கட்டுவானோ, கட்டட்டும். அவன் பக்கம் இரண்டு எட்டு வைத்தது உண்மை. பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

மிஸ் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். மோந்து பார்த்து, இது தீய்ந்த தூள் என்றேன். வாய் இருந்தால் போதும் உங்களுக்கு என்றாள். ஏழு மணிவரை பேசினோம்.

வீட்டு வாசலில் ஜீவராணி வழியை மறித்து, என் சட்டையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள். நான் ஃபெக்டரியில் பார்ப்பதைவிட நிதானமாக.

"மஞ்சத்தண்ணி வாசம்தான் வருது" என்றாள். சட்டையை உடனே விடவில்லை.

சாப்பிடும்போது அவளுக்கு போன் வந்தது. குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரி.

"இப்ப முடியாதுங்கக்கா. அடுத்த மாசம் பாப்போம்" என்றாள்.

அதற்குள் மிஸ்ஸிடம் போக நாலு வியாழக்கிழமை இருக்கிறது.