கறுத்துப்போன திரை

குட்டிம்மா,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள். குழாய் சரிசெய்பவர் வருவார். மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று மதியம் சாப்பாட்டை ஆறவிட்டுப் போனில் பேசுகிறாய் என்று கத்திவிட்டேன். நீ முறைத்ததும் சமையலறைக்குப் போய்விட்டேன். ஆனால் காது முழுக்க உன் பக்கம்தான் இருந்தது. கம்ப்யூட்டர் உதவி கேட்டு உன்னைக் கூப்பிட்டவர் ஒரு டாக்டர். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு நோயாளியின் தலை ஸ்கேனை அவர் தன் வீட்டிலிருந்தே உடனே பார்த்தாக வேண்டும். அவர் திரையோ ஒரே கறுப்பு. மனிதர் பதறினார். நீ பதறவில்லை.

"இணைப்பு இருக்கு டாக்டர், படம்தான் வரல. ரெண்டு மானிட்டர் வச்சிருக்கீங்களா? ஒண்ணைக் கழட்டிட்டு, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரோட மறுபடி இணைச்சுப் பாருங்க."

"தெரியுதும்மா" என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கழுவிய தட்டையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்பா

சொல்ல மறந்துவிட்டேன். காலையில் உன் போன் அடித்தது. நீ நல்ல தூக்கத்தில் இருந்ததால் நான் எடுத்தேன். அந்த டாக்டர்தான். ஆபரேஷன் முடிந்து நோயாளி கண் விழித்துவிட்டாராம். "நீங்க யாரு பேசுறது?" என்று கேட்டார்.

"அவளைப் பெத்தவன்" என்றேன்.