ஸ்டோர் சுவரில் ஒட்டக் கேட்ட படம்

அப்பா,

"மார்க் வந்துருச்சாம்மா?" என்று போனில் கேட்டீர்கள். இன்னும் இல்லை என்றேன். வந்துவிட்டது. வகுப்பிலேயே எனக்குத்தான் அதிகம்.

வணிகத் தகவல் முறைமைப் பாடத்துக்கு ஏதாவது ஒரு நிறுவனத்தை ஆராயச் சொன்னார்கள். மூவாரில் நீங்கள் பதினெட்டு வருடமாக ஸ்டோர் பார்க்கும் மேசை நாற்காலித் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டேன். எந்தப் பலகை எந்த அடுக்கில் இருக்கிறது, எது மழைக்கு வளையும், எது எப்போது தீரும் என்று உங்கள் மனதில் இருந்ததையெல்லாம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொன்னீர்கள்.

"நல்லா எழுதிக்கம்மா, ஒன்னும் விட்டுறாத."

நான் ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும்படி ஒரு முறையை வடிவமைத்துப் படமாகவும் வரைந்தேன்.

அனுமதி கொடுத்த முதலாளிக்கு அறிக்கையின் ஒரு பிரதி தர வேண்டும் என்பது கல்லூரி விதி. தந்தேன். நேற்று அவரே கூப்பிட்டு, "பாகுஸ்லா!" என்று பாராட்டினார். இனி ஸ்டோருக்கு ஆள் தேவையில்லையாம். மாதக் கடைசியில் உங்களிடம் சொல்வாராம். வேண்டாம் என்று கெஞ்சினேன். சிரித்தார்.

படத்தை ஸ்டோர் சுவரில் ஒட்டி எல்லாருக்கும் காட்ட வேண்டும், கொண்டு வா என்றீர்களே. வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் போட்டு, பழைய முறைக்கும் புதியதற்குமாக இரண்டு படங்கள் இருக்கின்றன, அப்பா. பழைய முறையில் உங்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. புதியதில் நான் அதை வரையவில்லை.

உங்கள் மகள்