தாள் எப்படி இருந்தது?

ஆவடி
19-12-1991

அன்புள்ள சுசீலாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் அம்மா கொடுக்கும் மருந்தை முகம் சுளிக்காமல் குடி. இங்கிருந்து வேப்பம்பட்டுக்கு ரயிலில் அரை மணிகூட ஆகாது. ஆனால் போன ஞாயிறு வந்தபோது நீ உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அதனால்தான் கடிதம்.

எட்டாம் மாதமே வலி வரும் என்று யார் நினைத்தோம்? "லேசாத்தான் வலிக்குது, எழுதிட்டு நேரா ஊட்டுக்கு வந்துடுங்க" என்று நீதானே அனுப்பிவைத்தாய். உன்மேல் பழி போடவில்லை. இந்த எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். இத்தனை கடினமான தாளை நான் பார்த்ததில்லை. வெளியே வந்தவனுக்குத் தலை சுற்றியது. கால் போன போக்கில் நடந்தேன். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நம் மகளின் முகத்தை மூடிய துணியை விலக்கிப் பார்க்கத்தான் எனக்குக் கொடுத்துவைத்தது.

பொங்கலுக்கு முன் வந்துவிடு.

உன்,
பாஸ்கரன்

வேப்பம்பட்டு
24-12-1991

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்று வெளியே வராதது என் தப்புதான். உங்களைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று பயந்தேன்.

கூலிக்கு நாற்று நட்டவர் மகன், ஸ்டோர் கிளார்க்காகவே இருந்துவிடக் கூடாது என்று நீங்கள் படித்த படிப்பு எனக்குத் தெரியாதா? மாதிரித் தாள் போடும்போதெல்லாம் கடிகாரம் பார்த்து நேரம் சொன்னவள் நான். தாள் அவ்வளவு கஷ்டமாக வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், பாவம். யாருமில்லாமல் தெருத் தெருவாக நடந்தீர்களே என்று நினைத்தால் எனக்குத்தான் தாங்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது. அம்மா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருக்கிறார். பால் வற்றினால் போதும். மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போங்கள்.

உங்கள்,
சுசீலா

வேப்பம்பட்டு
30-12-1991

மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை வரவேண்டாம்.

தம்பி பார்த்தசாரதி, அம்பத்தூரில் உங்கள் சிநேகிதர் கங்காதரன் நடத்தும் கோச்சிங் கிளாசில் சேர்ந்திருக்கிறான். அங்கே எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்களாம். இந்த வருடத் தேர்வு கடினமா, எளிதா என்று ஒரு மதிப்பீடு. கீழே உங்கள் பெயர். இங்கிலீஷில் இருந்ததை அவன்தான் படித்துச் சொன்னான். கணக்கு எளிது, இங்கிலீஷ் சுமார், மூன்று வருடங்களில் இதுதான் லேசான தாள், தயார் செய்தவனுக்குப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கங்காதரன் அவனிடம், "உங்க மாமா கில்லாடிப்பா. அன்னிக்கே ஒன்றரை மணிக்கு வந்து, நாலு மணி வரைக்கும் இங்கியே குந்திகினு எழுதிக் குடுத்தாரு" என்றாராம். தம்பி பெருமையாகத்தான் வந்து சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மாமா, தாள் எப்படி இருந்தது? எனக்கும் எழுதுங்கள்.

சுசீலா

ஆவடி
10-1-1992

சுசீலா,

எளிதாக இருந்தது.

பத்து நாளாக எழுதிக் கிழித்ததில் இந்த ஒரு வரிதான் நின்றது. முதல் தடவையாக எல்லாக் கேள்வியும் எனக்குத் தெரிந்த முகமாகச் சிரித்தது. பன்னிரண்டரைக்கு வெளியே வந்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்பத்தூரில் இறங்கினேன். கங்காதரன் கிளாஸ் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடு என்றான். உன் வலி ஞாபகத்துக்கு வந்தது. லேசான வலிதானே என்று பேனாவைத் திறந்தேன். அங்கே டீ குடித்தேன், சிரித்தேன், எல்லாம் செய்தேன். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்ததும் வாயில் பொய்தான் வந்தது.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வேண்டாம் என்றால் போகவில்லை. நீ திட்டியாவது நாலு வரி எழுது.

பாஸ்கரன்

வேப்பம்பட்டு
18-1-1992

மாமாவுக்கு,

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் சீக்கிரம் வந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

ஆனால் பதினொரு மணிக்குப் பிறந்தவள் மூன்றே முக்கால் வரை இருந்தாள். உங்களிடம் யாரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. உள்ளங்கை அகலம்தான் முகம். இரண்டு தடவை தும்மினாள். உங்களுக்கு இருப்பதுபோல இடது காது கொஞ்சம் மடங்கியிருந்தது.

இரண்டு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி ஆயா வேம்புலியம்மாள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். "இன்னா மா, ஒம் புருசன் இன்னும் வர்லியா? கொயந்தைக்கு ஒரு பேராச்சும் வச்சிக் கூப்டு மா. காதுல வாங்கிகினு போவட்டும்" என்றார். அப்பா வந்து வைக்கட்டும் என்றேன். தாள் கஷ்டமாக இருக்கும், அதனால்தான் நேரமாகிறது என்று அவரிடம் உங்களுக்காக நானே சொன்னேன்.

நேர்முகத் தேர்வுக்குப் போய்வாருங்கள். நிச்சயம் கிடைக்கும். ஆவடிக்கு நான் திரும்பி வரப்போவதில்லை. என் துணிமணியைக் குப்பம்மா அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், தம்பி வந்து வாங்கிக்கொள்வான்.

மூன்றரை மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் நானே அவளுக்குப் பேர் வைத்தேன். காதோரம் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தப் பேரை இதில் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை.

சுசீலா